நாலு கம்பிக்காரனுக்கு மேடையில் இடம் உண்டா?



முதலில் ஒரு சின்ன உரையாடல்.

"பேஸ் கிடாரா? அது எதுக்கு மச்சான்? கீபோர்டுலயே இடது கையால வாசிச்சிக்கலாம்."

"இல்லடா... போன வருஷம் நான் வாசிச்சேனே!"

"நீ வாசிச்சியா? எங்க நின்ன? நான் பாக்கவேயில்லையே!"

இந்த ஆண்டு கல்லூரி நாள் விழாவின் இன்னிசைக் குழுவுக்கு ஆள் தேர்வு செய்யக் கூடிய கூட்டத்தில் நடந்தது இது. கேட்டவன் என் உயிர் நண்பன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே அவன் என்னைப் பார்க்கவில்லை. பத்து அடி தூரத்தில் டிரம்ஸ் பக்கத்தில் இருட்டில் நின்று ஆறு பாட்டு வாசித்தவனை, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த உயிர் நண்பனே பார்க்கவில்லை!

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டதும் கோபம் போய்விட்டது; கேள்வி மட்டும் போகவில்லை. பேஸ் கிடார் என்பது அவ்வளவு வேண்டாத பொருளா? பாட்டு பாடுபவர், லீட் கிடார் வாசிப்பவர், டிரம்ஸ் அடிப்பவர் மூவரும் போக மிச்சமிருக்கும் ஒரு மூலைதான் அவன் இடமா? இல்லை என்பது என் கருத்து. ஏன் இல்லை என்று சொல்வதற்குத்தான் மலர்க் குழுவிடம் நாலு பக்கம் கேட்டு வாங்கினேன். கம்பிக்கு ஒரு பக்கம்!

நாலு கம்பி, நாற்பத்தோரு துடிப்பு

சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி. பேஸ் கிடாருக்கு வழக்கமாக நாலு. கழுத்து நீளம், கம்பி தடிமன். கிடாரின் அடிக் கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை துடிக்கும். பேஸின் அடிக் கம்பி அதில் சரிபாதி, 41 முறை. மனிதக் காது கேட்கத் தொடங்குவதே 20க்குப் பக்கத்தில்தான் என்று முதலாண்டு இயற்பியலில் படித்தோமே, நினைவிருக்கிறதா? கேட்கும் உலகத்தின் தரைத்தளத்தில் வேலை செய்யும் வாத்தியம் இது.

இதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ் என்ற ஆளுயர வயலின். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது கஷ்டம். மேளம் பலமாக அடித்தால் அதன் சத்தமும் எழாது. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 'ப்ரிசிஷன் பேஸ்' என்ற மின்சார பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் சுருதி பிசகாமல் விரல் வைக்க முடிந்தது. 'துல்லியம்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். நம்ம ஜாதி! சால்டரிங் அயர்ன் பிடித்த கைதான் ராக் இசைக்கு அடித்தளம் போட்டது என்பதை ஈ.சி.ஈ. நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லலாம்.

அதன் வேலையும் நம் லேப் சமாச்சாரம்தான். கம்பிக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். எஃகுக் கம்பி துடிக்கும்போது காந்தப் புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே விதி. பரீட்சையில் அஞ்சு மார்க்.

"அப்படின்னா நாங்க பாட்டு கேக்கும்போது அது ஏன் காதுல விழல?" என்று கேட்பீர்கள். நாம் பாட்டு கேட்பது பெரும்பாலும் செல்போனில். நகத்தளவு ஸ்பீக்கர் 41 துடிப்பை எங்கே வெளியே தள்ளும்? 200, 300க்குக் கீழே அது ஏறக்குறைய ஊமை. ஆனால் 41இன் மடங்குகளான மேல் சுரங்கள் கொஞ்சம் வெளியே வரும். அவற்றை வைத்து நம் மூளையே "அடியில் 41 இருந்திருக்கும்" என்று ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பாதி பேஸை நாம் கேட்பதில்லை, கற்பனை செய்துகொள்கிறோம்!

ஆடி மாதம் எங்கள் பட்டினப்பாக்கத்தில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. ராத்திரி ஆர்கெஸ்ட்ரா. வீட்டுக்குள் இருந்து கேட்டால் பாட்டு வார்த்தை புரியாது, 'தும்... தும்...' மட்டும் வரும். அலமாரியில் எவர்சில்வர் தட்டு தானாக ஆடும். அம்மா, "சாமி வந்திருச்சு போலருக்கு" என்று சிரிப்பார். காரணம் பிறகுதான் தெரிந்தது. 41 துடிப்பு ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக் சுவரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை, வளைந்து வந்துவிடும். பாடகரின் குரல் முதல் பிளாக்கிலேயே நின்றுவிடும். ஆக, மேடைக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குள் தேடி வருகிற ஒரே வாத்தியம் பேஸ்தான். நான் முதலில் கேட்ட கிடார் அது. அது கிடார் என்றே அப்போது எனக்குத் தெரியாது.

பெயரில்லாத ராஜா

இனி உலகத்தைக் கொஞ்சம் சுற்றி வருவோம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்று ஒரு ரெக்கார்டு கம்பெனி. 1960களில் அங்கிருந்து வந்த பாட்டுகள் உலகத்தையே ஆட வைத்தன. பாடியவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற கறுப்பின இளைஞர். வலது கையில் ஒரே ஒரு விரலால் வாசிப்பார். ஆள்காட்டி விரல்! அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர் வைத்தார்கள். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம்.

அவருக்கு முன்னால் பேஸ் என்றால் 'தும், தும்' என்று தாளத்துக்கு ஒத்து ஊதுவதுதான். ஜேமர்சன் அந்த அடித்தளத்திலேயே தனியாக ஒரு மெட்டு ஓட விட்டார். பாடகர் மேலே ஒன்று பாடினால், இவர் கீழே இன்னொன்று பாடுவார், இரண்டும் மோதாது.

ஆனால் வருஷக்கணக்காக அந்த ரெக்கார்டுகளின் உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் வாத்தியக்காரர்களின் பெயரை முறையாக அச்சிட்டார்கள். 1983இல் அந்தக் கம்பெனி தன் 25 ஆண்டு விழாவைத் தடபுடலாகக் கொண்டாடியபோது ஜேமர்சன் மேடையில் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். 2000ஆம் ஆண்டில் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக் கௌரவித்தது. மாலை வந்தது; கழுத்துதான் இல்லை.

பெயரில்லாத இந்த மனிதரைக் கடல் கடந்து ஒருவர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி! உலகின் மிகப் பெரிய ராக் குழுவில் பேஸ் அவருக்கு விரும்பி வந்த வேலை அல்ல. 1961இல் ஜெர்மனியில் வாசித்துக்கொண்டிருந்தபோது குழுவின் பேஸ் வாத்தியக்காரர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் விலகிவிட்டார். வேறு யாரும் எடுக்கத் தயாராக இல்லை; மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. இடது கைக்காரர். வயலின் வடிவத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஹாஃப்னர் பேஸ் ஒன்றை சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாதே!

தலையில் விழுந்த வேலையை அவர் என்ன செய்தார் பாருங்கள். ஜேமர்சன் காட்டிய வழியில் பேஸிலேயே மெட்டுக் கட்டத் தொடங்கினார். ஜேமர்சனிடமிருந்து கற்றதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1966இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டைப் பதிவு செய்தபோது, அமெரிக்க ரெக்கார்டுகளில் வருவது போன்ற கனமான பேஸ் வேண்டும் என்று பிடிவாதம். அப்போது ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பெரிய ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி பேஸ் முன்னால் வைத்தார்கள்! ஸ்பீக்கரிலும் சுருள், காந்தம். மைக்கிலும் சுருள், காந்தம். தலைகீழாகப் போட்டால் ஒன்று இன்னொன்றாக வேலை செய்யும். நம் லேபில் மாஸ்டர் சொன்னால் கொட்டாவி விடுகிறோம். அதை வைத்து அவர்கள் ராக் இசையின் சத்தத்தையே மாற்றினார்கள்.

இந்த வரிசையில் இன்னும் பலர் உண்டு. 1963இல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிக்கிறவர் வராமல் போக, அங்கிருந்த கிடார் கலைஞர் கேரல் கே என்ற பெண்மணி அதை எடுத்து வாசித்தார். பிறகு பேஸே அவர் அடையாளம் ஆயிற்று. ஜாக்கோ பாஸ்டோரியஸ் கட்டைகள் இல்லாத பேஸில், நம் ஊர் கமகம் மாதிரி சுரத்தை வழுக்கி வாசித்தார். 1987இல் 35 வயதில் மறைந்தார். மெட்டாலிக்காவின் கிளிஃப் பர்ட்டன் 1983இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்திலேயே பேஸில் ஒரு தனி ஆவர்த்தனம் வாசித்தார். 1986இல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் 24 வயதில் போய்விட்டார். இவர்களைக் கேட்டுவிட்டு பேஸ் எடுத்தவர்கள், பேஸை வேறு மாதிரி யோசித்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள்.

மயிலாப்பூர் வழியாக...

"எல்லாம் வெள்ளைக்காரன் கதையா இருக்கே" என்று முணுமுணுக்கும் நண்பர்களுக்கு... இதோ, வீட்டுக்கு வருகிறேன். பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் மயிலாப்பூர். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி'யோடு அவர் சினிமாவுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். தெரியாத பாதி, அவர் பாட்டுகளின் அடியில் ஓடும் பேஸ். அதைப் பெரும்பாலும் வாசித்தவர் சசிதரன். 'சசி' என்று இசைக்காரர்கள் மரியாதையும் பிரியமுமாகச் சொல்வார்கள்.

ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதுபவர். பேஸையும் "நீ ஏதாவது தட்டிக்கோ" என்று விட்டுவிடுவதில்லை. மேலே ஒரு மெட்டு, கீழே அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு மெட்டு. மேற்கத்திய இசையில் இதற்குக் கவுண்டர்பாயிண்ட் என்று பெயர். 'பகலில் ஓர் இரவு' படத்தின் 'இளமை எனும் பூங்காற்று' (1979), 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' (1980), 'நினைவெல்லாம் நித்யா' படத்தின் 'பனிவிழும் மலர்வனம்' (1982) ஆகிய மூன்றையும் இன்று இரவு ஒரு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். பாடகரை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். நூறு தடவை கேட்ட பாட்டு புதுசாகத் தெரியும். தெரியாவிட்டால் கேன்டீனில் என் செலவில் ஒரு டீ!

அந்தக் காலத்து ரெக்கார்டிங்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் மொத்தக் கூட்டமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நெருக்கடியில் சுத்தமாக வாசித்த கை அது.

அடுத்து ஏ.ஆர். ரஹ்மான். ராஜாவின் குழுவிலேயே கீபோர்டு வாசித்தவர், 1992இல் 'ரோஜா'வோடு தனியாக வந்தார். அவர் பாட்டுகளில் பேஸ் என்றால் நம் சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸ். ரஹ்மான் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்: கேசட் உறையின் உள்பக்கத்தில் வாத்தியம் வாசித்தவர்கள் பெயரையெல்லாம் போட வைத்தார். மார்வின் கே ஆல்பத்தில் நடந்தது, இருபது வருஷம் கழித்துக் கோடம்பாக்கத்துக்கு வந்தது. ரஹ்மான் மேடையில் பின்னாளில் வாசித்த மோகினி டே, மும்பையில் பேஸ் வாசிக்கும் அப்பாவுக்கு மகளாகப் பிறந்தவர். 2023இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஆல்பம் போட்டார். பேஸ்காரரின் பெயர் உறையின் உள்பக்கத்திலிருந்து முகப்புக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா!

ராக் குழு என்றால் டில்லியின் 'இந்தியன் ஓஷன்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் பேஸ் கலைஞர் ராகுல் ராம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் வேலை செய்துவிட்டு இசைக்கு வந்தவர். அவர்களின் 'கந்திசா' (2000) ஆல்பத்துக்குப் பிறகு, இங்கிலீஷ் ராக்கை அப்படியே திருப்பி வாசிக்காமல் நம் மண்ணின் பாட்டை ராக்கில் பாடலாம் என்ற தைரியம் பல குழுக்களுக்கு வந்தது என்பது என் எண்ணம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடையேறி, எங்கள் குப்பத்துக் கானாவையும் பறையையும் கிடாரோடு சேர்த்தபோது அந்தத் தைரியம் எங்கள் தெரு வாசலுக்கே வந்துவிட்டது.

எங்கள் பிளாக் அண்ணன்

பெரிய பெயர்கள் போதும். பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பிளாக்கில் ஒரு அண்ணன். மெல்லிசைக் குழுக்களில் பதினெட்டு வருஷம் பேஸ் வாசித்தவர். கல்யாணம், கோயில், மாதா திருவிழா எல்லாம் போவார். ஒரு கட்டத்தில் கச்சேரிக்கு ஆள் குறைக்கத் தொடங்கினார்கள். கீபோர்டிலேயே எல்லாம் வந்துவிட்டதே! முதலில் குறைந்த ஆள் பேஸ். இப்போது ஏ.சி. மெக்கானிக் வேலைக்குப் போகிறார். எனக்கு விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர். போன வருஷம் விழாவில் நான் வாசித்ததும் அவருடைய பேஸ்தான்.

அவர் சொன்ன ஒரு விஷயம்: "தம்பி, பாட்டு நல்லா வந்தா பாடுனவனுக்குக் கைதட்டுவாங்க. நாம ஒரு இடத்துல விட்டுட்டம்னு வையி, மேடையில இருக்கிறவன் பூரா திரும்பி நம்மளத்தான் பாப்பான். ஜனங்களுக்கு இன்னா தப்புனு தெரியாது. ஆனா ஏதோ காலு வழுக்குன மாதிரி இருக்கும்."

எனக்குத் தெரிந்து பேஸுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எதிர்க்கட்சிக்குப் பதில்

நண்பன் கேட்டதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். கீபோர்டிலும் கம்ப்யூட்டரிலும் அருமையான பேஸ் வந்திருக்கிறது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜாவே யமஹா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். ரஹ்மான் பாட்டுகளிலும் மிஷின் பேஸ் எத்தனையோ உண்டு. மிஷினைத் திட்டுவதற்கு நான் யார்? நாளைக்கு அதை ரிப்பேர் செய்துதான் பிழைக்கப் போகிறேன்!

ஆனால் அந்தப் பாட்டுகளில் பேஸுக்கென்று ஒரு மூளை உட்கார்ந்து யோசித்திருக்கிறது. நம் விழாவில் கீபோர்டு வாசிக்கும் நண்பன் வலது கையில் மெட்டு, நடுவில் வயலின், கால் பெடல், அடுத்த பாட்டுக்கு டோன் மாற்றம் என்று ஏற்கெனவே நாலு பேர் வேலையைப் பார்க்கிறான். அவன் இடது கையிடம் போய் ஐந்தாவது வேலையையும் கொடுத்தால் என்ன ஆகும்? 'தும், தும்' என்று தட்டும். ஜேமர்சனுக்கு முந்தைய காலத்துக்கு நம்மை நாமே அனுப்பிக்கொள்வதுதான் அது. கீபோர்டுதான் என்றால் இரண்டாவது கீபோர்டு வையுங்கள். அடியில் ஓடும் வேலைக்கு மட்டும் ஒருவனை உட்கார வையுங்கள். அப்போதும் என் வாதம் ஜெயித்த மாதிரிதான். அந்த வேலைக்கென்று ஒரு ஆள் வேண்டும். அவன் பெயர் தெரிய வேண்டும்.

"உன் பேரு எங்கடா?"

பெயர், பெயர் என்று ஏன் இத்தனை தடவை சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு.

போன வருஷம் விழாவுக்கு என் அப்பா வந்தார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் அன்றைக்கு அப்பா. கடலுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கேட்டில் நின்று, "உள்ள வரலாமாடா?" என்று கேட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த நிகழ்ச்சி நிரலை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அப்பாவுக்குப் படிக்க வராது. என் பெயர் எழுதியிருந்தால் மட்டும் எழுத்தின் உருவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். என் நோட்டு அட்டையில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார்.

"இதுல உன் பேரு எங்கடா இருக்கு?"

"பாடுறவங்க பேரு மட்டும்தான்பா போடுவாங்க."

"நீ வாசிச்சியே?"

"வாசிக்கிறவங்க பேரு போட மாட்டாங்கப்பா."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கலங்கரை விளக்கம் தாண்டியதும் சொன்னார்: "வலையில மேல மிதப்பு இருக்குது, அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கீழ்க் கயித்துல ஈயக்குண்டு கட்டியிருக்கம் இல்ல, அது தண்ணிக்குள்ள கீது. ஈயம் இல்லாட்டி வலை நிக்காது, சுருட்டிக்கினு மேல வந்துரும். மீனு இன்னா மிதப்புலயா மாட்டுது?"

அவருக்கு ஜேமர்சனைத் தெரியாது. சசிதரன் பெயரும் தெரியாது. ஆனால் பேஸ் என்றால் என்ன என்று நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்த நிகழ்ச்சி நிரலை அச்சிட்ட நண்பர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருஷா வருஷம் அப்படித்தான் அச்சாகிறது. அவர்களும் அப்படியே செய்தார்கள். அதில் டிரம்ஸ்காரன் பெயரும் இல்லை, லைட் போட்ட எலெக்ட்ரிகல் நண்பர்கள் பெயரும் இல்லை, விடிய விடிய மேடைக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்த மெக்கானிகல் நண்பர்கள் பெயரும் இல்லை. கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள் நண்பர்களே! நாளைக்கு நாம் போகப்போகிற கம்பெனிகளிலும் இதுதானே நடக்கும்? லைன் நின்றால் நம்மைத் தேடுவார்கள், ஓடினால் தேட மாட்டார்கள். "டிப்ளமோ பசங்கதானே" என்று சொல்பவர்களைப் பற்றி நாம் புலம்புகிறோம். அதே கண்ணால் நாம் நம் மேடையைப் பார்க்கலாமா?

கேட்பது மூன்று

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. ஆகவே மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள்:

ஒன்று: விழா இன்னிசைக் குழுவில் பேஸுக்கு ஒரு இடம். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முதலாண்டு சிவிலில் ஒரு தங்கை நன்றாகக் கிடார் வாசிக்கிறார். கேரல் கே மாதிரி அவர் பேஸுக்கு மாறினால் நான் சொல்லிக்கொடுக்கத் தயார்.

இரண்டு: கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு பேஸ் கிடார். கடையில் விசாரித்துவிட்டேன். சுமாரான ஒன்று பதினைந்தாயிரத்துக்குள் வருகிறது. வருஷா வருஷம் அடுத்தவரிடம் இரவல் வாங்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை நம் துறையிலேயே செய்து தருகிறோம். இது ஈ.சி.ஈ. மூன்றாமாண்டின் வாக்குறுதி!

மூன்று: நிகழ்ச்சி நிரலில் இனி எல்லோர் பெயரும். பாடுபவர், வாசிப்பவர், மைக் போடுபவர், லைட் போடுபவர், மேடை கட்டுபவர் எல்லோரும். ஒரு பக்கம் கூடுதலாக அச்சிட ஆகும் செலவு, சிறப்பு விருந்தினருக்குப் போடும் சால்வையின் விலையை விடக் குறைவு!

மூன்றில் இரண்டை மறுத்தாலும் பரவாயில்லை. மூன்றாவதை மட்டும் மறுக்காதீர்கள். இந்த வருஷமும் அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் மேடையில் இருந்தாலும் சரி, மேடைக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்தாலும் சரி, அந்தத் தாளில் அவர் தேடும் உருவம் அவருக்குக் கிடைக்க வேண்டும். அவரைப் போல இன்னும் எத்தனையோ அப்பா அம்மாக்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்று இரவு ஹெட்போனை மறக்க வேண்டாம். டீ பந்தயம் இன்னும் நிலுவையில் இருக்கிறது!

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை